பழைய ரயில் பாதையில் நெடுந்தூர நடைதடம்: எது முதலில், எது கடைசியில்

மலேசியாவில் எங்கள் எஸ்டேட் டவுனின் முதுகுப்பக்கம், செம்பனைத் தோட்டத்துக்கும் பழைய தொழிலாளர் லயத்துக்கும் நடுவில், ஒரு காலத்தில் கிளை ரயில் ஓடியது. தண்டவாளத்தைக் கழற்றிப் பல வருடமாகிவிட்டது. மண்மேடு மட்டும் அப்படியே கிடக்கிறது. அதை நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் ஏற்ற தடமாக்கும் வேலையில் ஆறு வருடமாக இருக்கிறேன். 11 கிலோமீட்டர் திறந்துவிட்டோம். அடுத்த பகுதிக்கான அனுமதிக் கடிதம் இன்னும் ஒரு மேசையில் படுத்திருப்பதால் ஊர்ப் பெயரைச் சொல்லாமல் விடுகிறேன்.

வேறு ஊர்களிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போகிறவர்கள் பெரும்பாலும் ஒரே தப்பைத்தான் செய்கிறார்கள். அடுத்த ஞாயிறே இருபது பேரைக் கூட்டி ஒரு கோத்தோங் ரோயோங், ஊர்கூடிச் செய்யும் துப்புரவு. ஆளுக்கொரு பராங் கத்தி, ஆளுக்கொரு நாசி லெமாக் பொட்டலம், மாலையில் ஃபேஸ்புக்கில் படம். இரண்டு மாதம் கழித்துப் போனால் லாலான் புல் இடுப்பளவு நிற்கிறது. எஸ்டேட் நிர்வாகம் கம்பி வேலி போட்டிருக்கிறது. ஆகவே கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். வெட்டும் வேலை ஏழாவதாகத்தான் வருகிறது.

தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

வாரத்தில் இரண்டு மாலை ஒதுக்கக்கூடிய இரண்டு பேர் போதும், ஆனால் அவர்கள் இரண்டு வருடம் விலகாமல் நிற்க வேண்டும். மலாயில் முறையான கடிதம் எழுதத் தெரிந்த ஒருவர். தோட்டத்தில் சொல்லுக்கு மதிப்புள்ள ஒருவர்: ஓய்வுபெற்ற மண்டோர் (கங்காணி), பழைய கிராணி (எழுத்தர்), கோயில் தலைவர், யாராவது. ஜிபிஎஸ் தடம் பதியும் செயலியுள்ள கைப்பேசி, ரப்பர் பூட்ஸ், ஒரு கெட்டி அட்டை நோட்டு.

பணம்? முதல் வருடத்தில் பெட்ரோலுக்கும் போட்டோஸ்டாட்டுக்கும்தான் செலவு. முதல் மாதமே ஸ்பான்சர் தேடுகிறவர்களை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன்.

1. பாதை எங்கே போனது என்று உறுதி செய்யுங்கள்

இது எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்று தோன்றும். தெரியாது. ஆளுக்கு ஆள் வேறு இடத்தைக் காட்டுவார்கள். ரயில் பாதைக்குப் பக்கத்திலேயே தோட்டத்து மண்ரோடும் போயிருக்கும். இரண்டில் ஒன்று மறைந்திருக்கும், ஆனால் எது என்று பார்த்தவுடன் சொல்ல முடியாது.

நில அளவைத் துறையான ஜூப்பெமின் பழைய நிலவரைபடத்தை வாங்குங்கள். அதைச் செயற்கைக்கோள் படத்தோடு வைத்துப் பாருங்கள். தோட்டத்து ரோடுகள் கட்டம் கட்டமாக, செங்கோணத்தில் திரும்பும். ரயில் அப்படித் திரும்ப முடியாது. செம்பனைக் கட்டங்களைக் குறுக்கே அறுத்துக்கொண்டு நீளமாக, மெதுவாக வளையும் கோடு ஒன்று தெரிந்தால் அதுதான் பாதை.

அப்புறம் நேரில் நடக்க வேண்டும். ஒரு மீட்டர் நீள இரும்புக் கம்பியை எடுத்துப் போங்கள். மண்ணில் குத்தினால் ஒரு சாண் ஆழத்தில் ‘கணீர்’ என்று கல்லில் முட்டினால், அது தண்டவாளத்துக்கு அடியில் கொட்டிய ஜல்லி. தோட்டத்து ரோட்டில் கம்பி மெத்தென்று இறங்கும்.

நாங்கள் இதைச் செய்யாமல் மூன்று வாரம் தவறான கோட்டைப் பதிந்துகொண்டிருந்தோம். ரயில் பாதையைப் பராமரிக்கும் கேங்கில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு தாத்தாவை ஒரு நாள் காலையில் கூட்டிப் போனேன். ஐம்பது அடி நடந்துவிட்டு நின்றார். “தம்பி, இது லோரி ரோடு. பாதை அந்த வாய்க்காலுக்கு அந்தாண்ட. இங்க நான் ஒரு நாளும் சுத்தியல் தூக்கினதில்ல.” அவரிடம் முதலிலேயே போயிருக்கலாம்.

பழைய வரைபடங்களில் தூரம் மைலிலும் சங்கிலியிலும் இருக்கும். 80 சங்கிலி ஒரு மைல். ஒரு சங்கிலி 66 அடி, அதாவது 20 மீட்டரும் சொச்சமும். ஒருமுறை கிலோமீட்டருக்கு மாற்றி, அதன் பிறகு அதையே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு அளவும் கலந்தால் பின்னால் மதகு ஒரு இடத்திலும் படம் ஒரு இடத்திலுமாகத் தேட வேண்டிவரும்.

100 மீட்டருக்கு ஒரு படம், ஒரு வரிக் குறிப்பு: மேடா பள்ளமா, தண்ணீர் நிற்கிறதா, யார் பயன்படுத்துகிறார்கள். அடுத்த ஐந்து வருடம் இந்த நோட்டைத்தான் திரும்பத் திரும்பப் புரட்டுவீர்கள்.

2. நிலம் இப்போது யாருடையது

எல்லாரும் சலித்துப்போகும் கட்டம் இது. இதைத் தாண்டாமல் ஒரு புல்லையும் தொடாதீர்கள்.

மலேசியாவில் நிலம் மாநில அரசின் அதிகாரத்தில் உள்ளது. ரயில் நிலமோ மத்திய அரசின் பக்கம். ரயில் ஓட்டுவது கேடிஎம், ஆனால் சொத்துக்குப் பொறுப்பு 1991ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் கீழ் வந்த ரயில்வே சொத்துக் கழகம், நம் ஆட்கள் சொல்லும் ஆர்ஏசி. இது தெரியாமல் கேடிஎம் நிலையத்தில் கடிதம் கொடுத்துவிட்டு எட்டு மாதம் காத்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பாதை எப்போது, எப்படி மூடப்பட்டது என்பதைப் பொறுத்து நிலத்தின் கதை மாறும். மலாக்காவுக்குப் போன பாதையை ஜப்பான்காரர்கள் போர்க்காலத்தில் பெயர்த்து, சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டு போனார்கள். அப்படிப்பட்ட இடத்தில் எண்பது வருடமாக வீடும் கடையும் ரோடும் மேலே வந்திருக்கும். தாப்பா ரோடு – தெலுக் இந்தான் கிளை 1989 வரை இருந்தது. அந்தக் காலத்தில் மூடியவற்றில் மண்மேடு துண்டுபடாமல் கிடைக்க வாய்ப்பு அதிகம். உங்கள் பாதை எந்த ரகம் என்று முதலில் பாருங்கள். போரில் பெயர்த்த பாதை என்றால், தொடர்ச்சியான தடம் என்ற ஆசையை விட்டுவிட்டு, கிடைக்கும் துண்டுகளை ஊர்ச் சாலைகளால் இணைக்கத் திட்டமிடுங்கள்.

மாவட்ட நில அலுவலகத்தில் லாட் லாட்டாகத் தேடுங்கள். ‘சாரியான்’ (பதிவேட்டுத் தேடல்) என்று கேட்டால் கொடுப்பார்கள். வரும் பதிலை வரைபடத்தில் நான்கு நிறத்தில் தீட்டுங்கள். இன்னும் ரயில் நிலம் பச்சை. மாநிலத்திடம் திரும்பிய நிலம் மஞ்சள். தோட்டத்துக்கோ தனியாருக்கோ பட்டாவாகிவிட்டது சிவப்பு. ரோடு, தண்ணீர்க் குழாய், மின்கம்பம் என்று வேறு வேலைக்கு ஒதுக்கியது நீலம். எங்கள் வரைபடத்தில் முதல் 11 கிலோமீட்டரில் ஏழு முறை நிறம் மாறியது.

சிங்கப்பூரைக் காட்டி ‘அங்கே 24 கிலோமீட்டரை ஒரே மூச்சில் செய்யவில்லையா’ என்று கேட்பவர்கள் கட்டாயம் வருவார்கள். அங்கே 2011 ஜூலை 1 அன்று ரயில் நிலம் முழுக்க ஒரே அரசாங்கத்தின் கைக்குப் போனது. நமக்கு ஏழு நிறமாற்றம். ஆகவே துண்டு துண்டாகத்தான் போக முடியும்.

டிஓஎல் பற்றி ஒரு வார்த்தை. அரசு நிலத்தைத் தற்காலிகமாகப் பயன்படுத்தும் இந்த உரிமம் கிடைத்தவுடன் விருந்து வைத்துவிட்டு சிமெண்டு கொட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த உரிமம் எந்த மாதம் கிடைத்தாலும் டிசம்பர் 31 அன்று முடிந்துவிடும். வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். அதன்மேல் நிரந்தரக் கட்டுமானம் எதையும் எழுப்பாதீர்கள்.

எங்களுக்கு வேலை செய்த வழி, நிலத்தைப் பயன்படுத்தும் அனுமதியை மாவட்ட மன்றத்தின் பெயரில் வாங்க வைத்தது. பராமரிக்கும் பொறுப்பை மட்டும் நாங்கள் கடிதம் மூலம் எடுத்துக்கொண்டோம். சங்கத்தில் தலைவர் மாறுவார், சண்டை வரும், பாதிப் பேர் கோலாலம்பூருக்கு வேலைக்குப் போய்விடுவார்கள். மன்றம் எங்கேயும் போகாது.

3. பாதையோரத்து ஆட்களோடு பேசுங்கள், வரைபடம் கொடுப்பதற்கு முன்பே

நான் செய்த பெரிய தப்பு இந்த இடத்தில்தான்.

நான்காவது கிலோமீட்டரில் ஒரு முனியாண்டி கோயில் இருக்கிறது. பாதை போட்ட ஆட்கள் கும்பிட்டது. சூலத்துக்குப் பக்கத்தில் ஒரு முழ நீளத் தண்டவாளத் துண்டை நட்டு, மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருக்கிறார்கள். துரு தெரியாத அளவுக்கு மஞ்சள் ஏறிப்போயிருக்கிறது. முதல் வரைபடத்தில் மதகு, பாலம், மரம் என்று எல்லாவற்றையும் பதிந்தது போலவே அதையும் ‘கட்டடம்’ என்று பதிந்து அலுவலகத்தில் கொடுத்துவிட்டேன். அந்தக் கோயிலுக்கு நிலப் பத்திரம் எதுவும் கிடையாது. ஒரு மாதத்தில் அளவெடுக்க ஆள் வந்தது.

“எத்தனையோ வருசமா யார் கண்ணுலயும் படாம இருந்தோம். எங்க சாமிய நீங்களே காட்டிக் கொடுத்துட்டீங்களே சார்” என்றார் கோயில் தலைவர். அதுவரை என்னைத் தம்பி என்று கூப்பிட்டவர். கோயில் தப்பித்தது. அவர் மறுபடி தம்பி என்று கூப்பிட ஒரு வருடம் ஆனது.

ஆகவே, வரைபடத்தில் ஏற்றும் முன் அதற்குரியவரிடம் காட்டுங்கள். கோயிலோ, சீனர்களின் டத்தோ கோங் மாடமோ, முஸ்லிம்களின் தொழுகையிடமான சூராவோ, இடுகாடோ, பாட்டி போட்ட கீரைப் பாத்தியோ, எதுவானாலும் சரி. நிலத்தை முறைப்படுத்தக் கேட்கப் போகிறார்களா, தடத்தையே பத்து மீட்டர் ஒதுக்கிக்கொண்டு போகலாமா என்று அவர்களே முடிவு சொல்லட்டும். நாங்கள் இப்போது கோயில் வாசலுக்கு நேராகப் போகாமல் பின்பக்கமாகச் சுற்றிப் போகிறோம். பூசை நாளில் சைக்கிள் மணி கேட்பதில்லை, அவர்களுக்கும் நிம்மதி.

எஸ்டேட் நிர்வாகத்தின் கவலை வேறு. மேனேஜரிடம் போய் சுற்றுலா, ஆரோக்கியம் என்று பேசினால் அவர் கடிகாரத்தைப் பார்ப்பார். அவர் மனதில் ஓடுவது மூன்று: செம்பனைக் குலை திருட்டு, டிராக்டரில் யாராவது அடிபடுவது, மருந்தடிக்கும் இடத்தில் வெளியாள் நிற்பது. இந்த மூன்றுக்கும் எழுத்தில் பதில் கொண்டு போங்கள்.

எங்கள் பதில் இப்படி இருந்தது. காலை 7 முதல் மாலை 7 வரை மட்டும் தடம் திறந்திருக்கும், இரண்டு முனையிலும் கேட். தடத்திலிருந்து தோட்டத்துக்குள் இறங்கும் குறுக்குவழி ஒன்றுகூட வெட்ட மாட்டோம். மருந்தடிக்கும் அட்டவணையை முந்தின நாள் மண்டோர் வாட்ஸ்அப்பில் போட்டால், அந்தப் பகுதியை நாங்களே பலகை வைத்து மூடுவோம். டிராக்டர் குறுக்கே போகும் இடங்களில் டிராக்டருக்குத்தான் முதல் வழி. இரண்டாம் சந்திப்பிலேயே ஒத்துக்கொண்டார்.

மாட்டுக்காரர்களை விட்டுவிடாதீர்கள். மாடு தினமும் நடந்ததால்தான் பல இடத்தில் பாதையே மறையாமல் இருக்கிறது. அவர்களை விரட்டினால் கேட்டைத் திறந்து போட்டுவிட்டுப் போவார்கள். பக்கத்திலேயே மாடு போக ஒரு மீட்டர் விட்டுக் கொடுத்தோம். சாணி கொஞ்சம் இருக்கத்தான் செய்கிறது. இருக்கட்டும்.

4. சங்கமும் கணக்கும்

சங்கப் பதிவுக்கு 1966 சங்கச் சட்டப்படி குறைந்தது ஏழு பேர் வேண்டும். எங்களைப் போலக் கோயில் கமிட்டியிலிருந்தே ஏழு பேரையும் எடுக்காதீர்கள். ஒரு மலாய்க்காரர், ஒரு சீனர், ஒரு கடைக்காரர், ஒரு ஆசிரியை என்று கலந்து போட்டால் மன்றத்தில் கதவு சீக்கிரம் திறக்கிறது. தடம் கடைசியில் எல்லா ஊரையும் தொட்டுத்தான் போகும்.

பதிவு கைக்கு வரும் முன் பொதுமக்களிடம் ஒரு ரிங்கிட்டும் வசூலிக்காதீர்கள். பொதுப் பொறுப்புக் காப்புறுதியை முதல் பணத்திலேயே எடுங்கள், ஏனென்றால் கேட்கப்படும் முதல் கேள்வி ‘யாராவது விழுந்தால் யார் பொறுப்பு’ என்பதுதான்.

5. கொட்டும் மழையில் ஒருமுறை நடங்கள்

ரயில் பாதை என்பது ஒரு நீளமான அணை. ஒரு பக்கத்துத் தண்ணீர் மறுபக்கம் போக, அடியில் மதகு வைத்திருப்பார்கள். ரயில் ஓடிய காலத்தில் கேங் ஆட்கள் அந்த மதகுகளைத் தூர்வாரினார்கள். இப்போது யாரும் வாருவதில்லை. செம்பனை மட்டை, பிளாஸ்டிக், மண் எல்லாம் சேர்ந்து அடைத்துக்கிடக்கும்.

வெயில் நாளில் நடந்தால் இது தெரியாது. மேற்குக் கரையில் ஏப்ரல் வாக்கிலும் அக்டோபர், நவம்பரிலும் மழை அதிகம். அப்போது குடையோடு போங்கள். இடி இருந்தால் வேண்டாம், மேட்டில் நீங்கள்தான் உயரமான பொருள். தண்ணீர் எங்கே மேட்டைத் தாண்டி வழிகிறது, எங்கே ஓரத்தை அரிக்கிறது, மலையைக் குடைந்த வெட்டுப்பள்ளத்தில் எவ்வளவு ஆழம் நிற்கிறது என்று நோட்டில் குறியுங்கள். மழை நின்று மூன்று மணி நேரம் கழித்து அதே இடங்களை மறுபடி பாருங்கள். அப்போதும் தண்ணீர் நின்றால் அந்த மதகு வேலை செய்யவில்லை.

இதைச் செய்யாமல் நாங்கள் 400 மீட்டருக்குக் கல்தூள் போட்டோம். நவம்பரில் ஒரே இரவு. மறுநாள் காலையில் போனால் எங்கள் தடம் பக்கத்து வாய்க்காலில் அழகாகப் படிந்திருந்தது. காரணம் ஒரே ஒரு மதகு, அதன் வாயில் குறுக்கே மாட்டிக்கொண்ட நாலு மட்டை.

வரிசை இதுதான். முதலில் மதகு தூர்வாருதல். அடுத்து இரண்டு பக்கமும் பழைய ஓர வாய்க்காலைத் திறத்தல். அதற்கடுத்து, வெட்டுப்பள்ளங்களில் தண்ணீர் வெளியேறும் முனையைத் தாழ்த்துதல். இதற்கு மண் தோண்டும் ஒரு சின்ன பேக்ஹோவும் இரண்டு ஆளும் போதும். ஆற்றையோ பெரிய வாய்க்காலையோ தொடும் இடத்தில் மட்டும் நிறுத்துங்கள். அங்கே வடிகால் நீர்ப்பாசனத் துறையின் அனுமதி வேண்டும்.

எலிக்காய்ச்சல் பயம் உண்மையானது. மதகு வாரும் ஆள் பூட்ஸும் கையுறையும் இல்லாமல் இறங்கக் கூடாது. காலில் வெட்டுக்காயம் இருந்தால் அன்றைக்கு அவருக்கு டீ போடும் வேலை கொடுங்கள்.

6. பாலங்கள்

பாலத்தைப் பார்த்தவுடன் ‘ரயிலையே தாங்கியது, மனுசனைத் தாங்காதா’ என்பார்கள். ரயிலைத் தாங்கியபோது அதற்குப் பெயிண்ட் அடிக்க ஆள் இருந்தது.

இரும்பு நடுவில் கெடுவதில்லை. முனையில், பாலம் கரையில் உட்காரும் இடத்தில், மண்ணும் இலையும் சேர்ந்து ஈரம் தங்கும் மூலையில்தான் கெடும். அந்த மூலையைச் சுரண்டிவிட்டு இரும்பைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். தகடு தகடாக உரிந்து வந்தால் பாலத்தை மூடிவிட்டு நகருங்கள். உரியாவிட்டாலும், பதிவுபெற்ற பொறியாளர் ஒருவரின் கையெழுத்து இல்லாமல் யாரையும் ஏற்றக் கூடாது. மொத்தத் திட்டத்திலும் இந்தச் செலவை மட்டும் குறைக்க முடியாது.

கைப்பிடி, சைக்கிள் போகும் பாலத்துக்கு 1.2 முதல் 1.4 மீட்டர் உயரம். நடப்பவர் இடுப்பு அளவுக்கு வைத்தால், சைக்கிளில் உட்கார்ந்திருப்பவர் அதன்மேல் உருண்டு விழுவார்.

பாலமே இல்லாத இடத்தில் புதுப்பாலத்துக்குக் காத்திருக்காதீர்கள். இரண்டு கிலோமீட்டர் சுற்று என்றாலும் பக்கத்து ரோட்டுப் பாலம் வழியாக அம்புக்குறி போட்டு இணைத்துவிடுங்கள். ஆள் நடக்கத் தொடங்கிய தடத்துக்குத்தான் பாலப் பணம் கேட்டால் கிடைக்கும்.

7. இப்போது பராங்கை எடுக்கலாம்

நான்கு மீட்டர் அகலம் மட்டும் வெட்டுங்கள். நிழல் தரும் மரத்தைத் தொடாதீர்கள். நிழல் போனால் லாலான் வரும், லாலான் வந்தால் மாதம் ஒருமுறை மெசின் வேண்டும். மூங்கில் புதரை அடியோடு எடுக்க முயன்று முதுகைக் கெடுத்துக்கொள்ளாமல் ஓரத்தை மட்டும் வெட்டிவிடுங்கள்.

வெட்டுமுன் ஒருவர் நீளக் கம்போடு முன்னால் போக வேண்டும், குளவிக் கூடு பார்க்க. கூடு தெரிந்தால் புகை போடும் வீரம் வேண்டாம், பொதுத் தற்காப்புப் படையைக் கூப்பிடுங்கள். பாம்புக்கும் அவர்கள்தான்.

புதருக்குள்ளிருந்து தண்டவாளத் துண்டு, இரும்புத் தகடு, போல்ட் எல்லாம் வெளியே வரும். அவை கிடக்கிற சொத்து அல்ல, ரயில்வேயின் சொத்து. படம் எடுத்து, எண்ணி, எழுதிக் கொடுத்துவிடுங்கள். நாங்கள் சுத்தம் செய்த மூன்றாம் நாள் ஒரு குவியல் காணாமல் போனது. பழைய இரும்பு வாங்கும் லோரி முந்தின நாள் சாயங்காலம் டவுனில் சுற்றிக்கொண்டிருந்தது, அதற்கு மேல் நான் சொல்லவில்லை. எண்ணி எழுதியிருந்ததால்தான் பழி எங்கள்மேல் வரவில்லை.

கறுப்பு எண்ணெய் ஊறிய பழைய ஸ்லீப்பர் கட்டையில் பெஞ்சு செய்யலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். அது கிரியோசோட், தோலில் பட்டால் எரியும். அதை எரிக்கவும் கூடாது, உட்காரவும் கூடாது.

8. மேற்பரப்பு

புதியவர்கள் முதலில் செய்வது, பழைய ஜல்லியை வாரி ஓரத்தில் தள்ளுவது. ஐயோ, அதுதான் உங்கள் அஸ்திவாரம். அதன்மேல் ரோலர் ஓட்டி அழுத்துங்கள். பள்ளத்தை மட்டும் நிரப்புங்கள். மேலே கிரஷர் ரன் கல் (தூளோடு கலந்த உடைகல்), அதற்கு மேல் மெல்லிசாகக் குவாரிக் கல்தூள்.

அகலம் 2.5 மீட்டர். எதிரெதிரே இரண்டு சைக்கிள் உரசாமல் போகும். நடுப்பகுதி ஓரத்தைவிட 3 சென்டிமீட்டர் உயரமாக இருக்கட்டும். பார்த்தால் தெரியாது, தண்ணீருக்குத் தெரியும்.

கணக்கு: ஒரு கிலோமீட்டர் நீளம், 2.5 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் கனம் என்றால் 250 கன மீட்டர். ஒரு லோரிக்குப் பத்து கன மீட்டர் என்று வைத்தால் 25 லோரி. அழுத்தும்போது கல் சுருங்கும், எனவே 30 லோரிக்குப் பணம் ஒதுக்குங்கள். 25 என்று சொல்லிவிட்டு பிறகு ஐந்து லோரிக்குக் கையேந்துவது அசிங்கம், எங்களுக்கு அனுபவம்.

லோரி தோட்டத்து ரோட்டில்தான் வர வேண்டும். ஈரமான நாளில் 30 லோரி ஓடினால் அந்த ரோடு சேறாகும், குலை ஏற்றும் வேலை நிற்கும், மேனேஜர் உங்களை மறக்க மாட்டார். அதனால் ஜூன், ஜூலையில் கல் இறக்குங்கள். கடைசி லோரி போனதும் அவர்கள் ரோட்டையும் ஒருமுறை ரோலர் ஓட்டிக் கொடுங்கள்.

தார் வேண்டுமா? டவுனை ஒட்டிய ஒரு கிலோமீட்டருக்கு மட்டும் போடலாம், சக்கர நாற்காலிக்காரர்களும் தள்ளுவண்டிக் குழந்தைகளும் வரும் இடம் அது. ரயிலுக்காகப் போட்ட மேடு என்பதால் ஏற்றம் 100 மீட்டருக்கு ஒரு மீட்டர் அளவில்தான் இருக்கும். மற்ற இடத்தில் வேர் தாரைக் கிழித்துவிடும், பழுது பார்க்க உங்களால் முடியாது.

9. ரோட்டைக் கடக்கும் இடமும் கப்சாய் மோட்டார் சைக்கிளும்

பழைய ரயில் கேட் இருந்த இடங்கள்தான் இப்போது ஆபத்தான இடங்கள். ரயிலுக்காக ரோடு நின்றது, சைக்கிளுக்காக நிற்காது.

எவ்வளவு தூரம் பார்வை வேண்டும் என்று கணக்குப் போடுங்கள். ஓரங்களையும் சேர்த்து ரோடு 10 மீட்டர் என்றால் ஒருவர் நடந்து கடக்க எட்டு விநாடிக்கு மேல் ஆகும். 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் விநாடிக்கு 22 மீட்டர் பாய்கிறது. ஆகவே இரண்டு பக்கமும் 180 மீட்டராவது தெரிய வேண்டும். செம்பனை மறைத்தால், வளைவு இருந்தால், கடக்கும் இடத்தை நகர்த்துங்கள். தடம் ரோட்டைச் செங்கோணத்தில் சந்திக்கட்டும், பத்து மீட்டர் முன்னால் சைக்கிள்காரர் இறங்கித் தள்ளும்படி இரண்டு வளைவுக் கம்பி. பொதுப்பணித் துறையின் ஒப்புதல் இல்லாமல் ரோட்டில் கோடு போடாதீர்கள்.

மோட்டார் சைக்கிள் விஷயத்துக்குச் சுத்தமான தீர்வு கிடையாது. சைக்கிள் நுழையும் இடைவெளியில் கப்சாயும் நுழையும். அதைத் தடுக்கும் அளவுக்குக் கம்பியை நெருக்கினால் சக்கர நாற்காலி நுழையாது. நாங்கள் ஆறு மாதம் கம்பியோடு போராடினோம், ஆட்கள் பக்கத்தில் இறங்கிப் போனார்கள். பிறகுதான் யார் போகிறார்கள் என்று உட்கார்ந்து எண்ணினோம். காலையில் பெரும்பாலும் தோட்டத்து வேலைக்குப் போகிறவர்கள். அவர்களுக்கு இது நாங்கள் வரும் முன்பே குறுக்குவழி. அந்த ஒன்றரைக் கிலோமீட்டரில் மட்டும் தடத்தை நான்கு மீட்டராக்கி, அவர்களுக்கும் வழி விட்டோம். பதிலுக்கு, மற்ற இடத்தில் ரேஸ் ஓட்ட வரும் பையன்களை அவர்களே தட்டிக் கேட்கிறார்கள்.

10. எண், தண்ணீர், நிழல், பலகை

500 மீட்டருக்கு ஒரு கல், அதில் எண். ஒருவர் மயங்கி விழுந்தால் 999க்கு ‘செம்பனைக்கு நடுவில்’ என்று சொல்லிப் பயனில்லை. ஒவ்வொரு எண்ணுக்கும் எந்த கேட் வழியாக ஆம்புலன்ஸ் வர முடியும் என்ற பட்டியலை மருத்துவமனையிடமும் தீயணைப்பு நிலையத்திடமும் கொடுங்கள்.

தண்ணீர் ஆறு கிலோமீட்டருக்கு ஒரு இடத்திலாவது கிடைக்க வேண்டும். தனியாகத் தொட்டி கட்டாதீர்கள், கோப்பிக்கடை, கோயில், சூராவில் கேளுங்கள். தொட்டி கட்டினால் கொசு வளரும், சுகாதார அதிகாரி வருவார். மாலை இடிமழைக்கு ஒதுங்க, இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு கூரை, மேட்டின் உச்சியில் இல்லாமல் கீழே.

பலகையில் மலாய் முதலில், அடுத்து மற்ற மொழிகள். கோலா செபெத்தாங்கில் பழைய போர்ட் வெல்ட் நிலையப் பலகை இன்னும் நிற்கிறது, நான்கு எழுத்தில், தமிழும் அதில் உண்டு. எங்கள் பலகைக்கு அதைத்தான் மாதிரியாகக் காட்டினோம், யாரும் ஆட்சேபிக்கவில்லை.

11. திறப்பதும் அதற்குப் பிறகும்

முழுத் தடமும் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். டவுனிலிருந்து தொடங்கும் ஐந்து கிலோமீட்டரை முதலில் திறங்கள். இரண்டு முனையிலும் சாப்பாட்டுக் கடை இருந்தால் நல்லது. நடுக்காட்டில் தொடங்கி நடுக்காட்டில் முடியும் அழகான ஐந்து கிலோமீட்டருக்கு யாரும் வர மாட்டார்கள்.

திறக்கும் நாளில் வரும் ஒய்பியிடம், அதாவது மக்கள் பிரதிநிதியிடம், புதுப் பகுதிக்குப் பணம் கேட்காதீர்கள், புல்வெட்டப் பணம் கேளுங்கள். மழை மாதங்களில் நான்கு வாரத்துக்கு ஒருமுறை, மற்ற மாதங்களில் ஆறு வாரத்துக்கு ஒருமுறை இரண்டு பக்கமும் வெட்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமைத் தொண்டர்களை நம்பி இதைச் செய்ய முடியாது. தைப்பூசம், பள்ளி விடுமுறை, கல்யாண சீசன் என்று ஆள் குறையும், புல் குறையாது. தோட்டத்தில் ஓய்வுபெற்ற இரண்டு பேருக்குக் கூலி கொடுத்து, ஆளுக்கு ஐந்தரைக் கிலோமீட்டர் என்று பிரித்துக் கொடுத்திருக்கிறோம். ஒவ்வொரு பெரிய மழைக்கும் மறுநாள் காலையில் அவர்கள் முதலில் பார்ப்பது மதகு வாய். மட்டை மாட்டியிருந்தால் எடுத்துவிட்டு, எண்கல்லோடு ஒரு படம் வாட்ஸ்அப்பில் போடுவார்கள்.

போன வாரம் வந்த படத்தில் மதகில் மட்டை இல்லை, ஒரு உடும்பு உட்கார்ந்திருந்தது. அது போகும்வரை காத்திருக்கிறேன் என்று கீழே எழுதியிருந்தார்.